‘நீங்கள் பிறவி ஸ்டோயிக்’ என்று சொல்லும் செயலி: 5க்கு 2

எங்கள் கூட்டுறவு வங்கிக் கிளையில் பாதிப் பேர் போனில் இந்தச் செயலி இருக்கிறது. ஆண்டுச் சந்தா 1,499 ரூபாய். முதலில் 60 கேள்விகள் கேட்கும். பதிலை வைத்து உங்களை 16 ஆளுமை வகைகளில் ஒன்றில் போடும். அப்புறம் அந்த வகைக்கென்று தயாரித்த ஸ்டோயிக் பயிற்சி தினமும் காலையில் வரும். ஸ்டோயிக் என்பது, நம் கையில் இல்லாததற்கு அலட்டிக்கொள்ளாமல் அறிவோடு வாழச் சொன்ன பழைய கிரேக்க, ரோமானியத் தத்துவம்; அதைப் பின்பற்றுபவருக்கும் அதே பெயர்தான். பெயர் வேண்டாம். இதே அச்சில் வார்த்தவை ஆப் ஸ்டோரில் நிறையக் கிடக்கின்றன, நான் சொல்லப்போவது பெரும்பாலும் அவற்றுக்கும் பொருந்தும்.

கேள்விகள் இப்படித்தான்: ‘முடிவெடுக்கும்போது மூளை சொல்வதைக் கேட்பீர்களா, மனசு சொல்வதையா?’ கீழே ஏழு வட்டங்கள். எதற்கு முடிவெடுக்கும்போது? நகைக்கடனை மறுக்கவா, மச்சினனுக்குப் பணம் கொடுக்கவா? அதெல்லாம் கேட்கக் கூடாது, வட்டத்தைத் தொட வேண்டியதுதான். கடைசியில் எனக்கு மூளைப் பக்கம் 52 சதவீதம் என்று வந்தது. அந்த இரண்டு சதவீதத்தில் ஒரு எழுத்து முடிவாகி, ‘ஐ.என்.டி.ஜே.’ என்று நாலெழுத்து முத்திரை விழுந்தது. அடியில் பச்சை எழுத்தில் ‘வாழ்த்துகள், நீங்கள் பிறவி ஸ்டோயிக்!’

உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் எழுதிய ஆளுமைக் கோட்பாட்டை எடுத்துக்கொண்டு, கேதரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் அமெரிக்காவில் வளர்த்தெடுத்த முறை இது. இருவருமே உளவியல் படித்தவர்கள் இல்லை. சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வேறு எழுத்து வரும் என்பது இதன்மேல் உள்ள பழைய புகார். வராமல் எப்படி இருக்கும்? ஐந்தரை அடியில் ஒரு கோடு போட்டு, மேலே இருப்பவன் நெட்டை, கீழே இருப்பவன் குட்டை என்று ஊரை இரண்டாகப் பிரிப்பது போலத்தான் இது. நம்மில் பெரும்பாலோர் கோட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறோம்.

அதைக்கூட விட்டுவிடலாம், பொழுதுபோக்கு என்று. ஆனால் எங்கள் மேலாளர் மேடத்துக்கு ‘ஈ.எஸ்.எஃப்.ஜே.’ வந்தது. கூடவே ‘உணர்ச்சிவசப்படும் வகை என்பதால் ஸ்டோயிக் பாதை உங்களுக்குச் சவாலானது’ என்று ஒரு குறிப்பு, 499 ரூபாய்க்கு ஒரு சிறப்புத் தொகுப்பு. மேடம் சிரித்துவிட்டு அழித்துவிட்டார்.

சத்தமாகப் பேசுவார், கோபம் வந்தால் மறைக்க மாட்டார், வாடிக்கையாளர் வீட்டுத் துக்கம் கேட்டால் கண் கலங்கிவிடும். ஆனால் வட்டி கட்டக் கடைசி நாளில் சர்வர் படுத்துக்கொண்டபோது, வாசல் வரை நின்ற வரிசையிடம் போய், “இது நம்ம கையில இல்லீங்க. பேரையும் டோக்கன் நம்பரையும் எழுதிக்கிறேன், யாருக்கும் அபராதம் வராம நான் பேசிக்கிறேன், டீ குடிச்சிட்டு வாங்க” என்றார். நம் கையில் உள்ளது எது, இல்லாதது எது என்பதுதான் பழைய ஸ்டோயிக் ஆசிரியர் எபிக்டீட்டஸ் கையேட்டின் முதல் வரியே. பிறவி ஸ்டோயிக்கான நான் கவுண்டருக்குள் வாயே திறக்கவில்லை. ஒரு பெரியவர் என்னைச் சொன்ன ஒரு வார்த்தையை அன்று ராத்திரி படுக்கும் வரை மென்றுகொண்டிருந்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் செயலி எனக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கும்.

இங்கேதான் இந்தப் பொருளின் அடிப்படையே ஆட்டம் காண்கிறது. அமைதியான சுபாவம்தான் ஸ்டோயிக் தகுதி என்று ரோமில் யாரும் சொல்லவில்லை. ரோமின் ஸ்டோயிக் எழுத்தாளர் செனகா தன் நண்பர் லூசிலியஸுக்கு எழுதிய பதினோராம் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். கூட்டத்தின்முன் பேச எழுந்தால் சிலருக்கு முழங்கால் நடுங்கும், பல் கிட்டும், நாக்குக் குழறும். இந்தச் சுபாவத்தை எந்த ஞானத்தாலும் துரத்த முடியாது என்கிறார். ரோமின் பாம்பே எவ்வளவு பெரிய தளபதி! நாலு பேர் முன் நின்றால் அவருக்கும் முகம் சிவந்துவிடுமாம். கூடப் பிறந்ததைப் பயிற்சியால் மட்டுப்படுத்தலாம், ஒழிக்க முடியாது என்பதுதான் செனகாவின் கணக்கு. வாடிக்கையாளர் கத்தினால் எனக்குக் காது மடல் சூடாகும், குரல் உடையும். செயலி அதற்கு ‘உணர்ச்சிக் கசிவு’ என்று சிவப்புப் புள்ளி வைக்கிறது. செனகா வைக்க மாட்டார்.

ஆளாளுக்குச் சுபாவம் வேறு என்பதற்கு ஸ்டோயிக்குகளிடமே ஒரு கோட்பாடு இருக்கிறது. அது செயலியில் எங்குமே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஏமாற்றம். ரோட்ஸ் தீவின் ஸ்டோயிக் பனேட்டியஸ் வழியாக வந்ததை, ரோமானிய அரசியல்வாதி சிசரோ கி.மு. 44இல் ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த மகனுக்கு எழுதியிருக்கிறார். ஒவ்வொருவருக்கும் நான்கு வேடங்கள்: மனிதர் எல்லோருக்கும் பொதுவான பகுத்தறிவு, தனக்கே உரிய சுபாவம், பிறப்பும் காலமும் கொடுத்த நிலைமை, தானே தேர்ந்த தொழில். சுபாவத்தில் தீமை இல்லாதவரை அதைப் பிடித்துக்கொள், இன்னொருவனைப் போல நடிக்காதே என்கிறார். சாக்ரடீஸ் கேலியும் கிண்டலுமாகப் பேசுவார், ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளீஸ் சிரிக்கவே மாட்டார், இருவருக்கும் அவரவர் வழி. வேலைக்காரர்கள் அவமானப்படுத்தியதை கிரேக்கக் காவிய வீரன் ஒடிசியஸ் பொறுத்துக்கொண்டான், அதே காவியத்து அஜாக்ஸாக இருந்தால் உயிரையே விட்டிருப்பான். அப்படியென்றால் மேடம் மேடமாகவே இருந்து ஸ்டோயிக்காக இருக்கலாம். 499 ரூபாய் தேவையில்லை.

‘உங்கள் வகை ஞானி யார்?’ என்று ஒரு பகுதி வேறு. அதில் எபிக்டீட்டஸுக்கும் நாலெழுத்து கொடுத்திருக்கிறார்கள். அவர் தன் கையால் ஒரு வரியும் விட்டுப் போகவில்லை, நம்மிடம் இருப்பது மாணவர் ஆரியன் எடுத்த குறிப்புகள். வகுப்பில் கடிந்துகொள்ளும் ஆசிரியரின் குரலை வைத்து அவர் வீட்டில் எப்படி இருந்தார் என்று யார் கண்டது? தினமும் வரும் பொன்மொழி அட்டைகளையும் நம்ப வேண்டாம். ‘நாம் கேட்பதெல்லாம் கருத்து, உண்மை அல்ல’ என்று ரோமப் பேரரசரும் ஸ்டோயிக்குமான மார்கஸ் அவுரேலியஸ் படத்தோடு ஒன்று வந்தது. இணையத்தில் ரொம்ப நாளாகச் சுற்றுவது அது, அவர் எழுதிய 12 பாகங்களில் அப்படி ஒரு வரி கிடையாது.

இரண்டு நட்சத்திரமும் இரவுக் குறிப்புக்காகத்தான். திரையை இருட்டாக்கிவிட்டு, இன்று எதைச் சரியாகச் செய்தாய், எதில் தவறினாய், எதை விட்டாய் என்று மூன்றே கேள்வி. வகை கிடையாது, மதிப்பெண் கிடையாது, நெட் இல்லாமலும் வேலை செய்கிறது. கோபத்தைப் பற்றிய நூலில் செனகா சொல்வதும் இதுதான்: விளக்கை எடுத்த பிறகு, வழக்கம் தெரிந்த மனைவி பேசாமல் இருக்க, அவர் அந்த நாளை முழுக்கப் புரட்டிப் பார்ப்பார், இனிமேல் செய்யாதே, இம்முறை மன்னிக்கிறேன் என்று தனக்கே சொல்லிக்கொள்வார். செயலி அந்த மன்னிப்பையும் சேர்த்திருந்தால் கூட ஒரு நட்சத்திரம் கொடுத்திருப்பேன்.

சுபாவத்தை அளந்து பார்க்க ஆசை இருந்தால் ‘பிக் ஃபைவ்’ தேர்வுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவை பெட்டியில் போடாமல் ஒவ்வொரு குணத்திலும் எந்த அளவில் நிற்கிறீர்கள் என்று காட்டும். எபிக்டீட்டஸின் கையேடு 53 சின்ன அத்தியாயங்கள்தான், பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு குட்டன்பர்க் என்ற இலவச நூல் தளத்தில் இருக்கிறது. ஏற்கெனவே சந்தா கட்டியவர்களுக்கு ஒன்று: செயலியை அழித்தால் மட்டும் போதாது, யூபிஐ-யில் ‘ஆட்டோபே’ பகுதிக்குப் போய் அனுமதியை ரத்து செய்யுங்கள். அதற்கு முன்னால் இரவுக் குறிப்புகளை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், பதிவிறக்க வசதி வைக்கவில்லை.