பகடையா, தாயக்கட்டையா, நடுவரா? கற்பனைக் குதிரைப் பந்தய லீக்கின் விதிகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று எழுதும் ரோல்பிளே குழுக்கள் குதிரைப் பந்தய லீக் தொடங்கும்போது, லாயங்களுக்குப் பெயர் சூட்டுவதிலும் ஜாக்கிகளின் பூர்விகத்தை எழுதுவதிலும் காட்டும் அக்கறையை, வெற்றியை எப்படி முடிவு செய்வது என்ற கேள்வியில் காட்டுவதில்லை. காரைக்குடி வட்டாரத்தில் ரேஸ் கோர்ஸ் கிடையாது. சென்னையின் கிண்டி ரேஸ் கோர்ஸைப் போன்ற ஒன்றைக் கானாடுகாத்தானுக்கு வெளியே கற்பனையில் அமைத்து எழுதுபவர்கள், அதன் விதிகளையும் தாங்களே வகுத்தாக வேண்டும். முடிவை நிர்ணயிக்க மூன்று வழிகள் போட்டியிடுகின்றன: நடுவர் எழுத்தைப் பார்த்துத் தீர்ப்பது, குதிரையின் திறன் எண்ணோடு பகடையைக் கூட்டுவது, தாயக்கட்டை உருட்டுவது.

நடுவர் முறை எழுதுபவரை உழைக்க வைக்கும் என்பது உண்மை. ஆனால் நன்றாக எழுதுபவரின் குதிரையே எப்போதும் வெல்லும் என்பது தெரிந்துவிட்டால், புதிதாகச் சேர்ந்தவர் விரைவில் ஒதுங்கிவிடுவார். நடுவருக்கும் சொந்த லாயம் இருந்தால் ஐயம் தீரவே தீராது. பந்தயம் எப்படி நடந்தது என்பதை எழுத்து சொல்லட்டும். யார் வென்றார் என்பதை அது தீர்மானிக்க வேண்டாம் என்பதே என் நிலைப்பாடு. சிறந்த பதிவுக்குப் பரிசளிக்க விரும்பினால், அடுத்த பந்தயத்தில் ஒரே ஒரு புள்ளி கூடுதலாகத் தரலாம். அதற்கு மேல் தரக் கூடாது.

பகடை முறையில், எந்தப் பகடை என்பதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. இருபது முகப் பகடை ஒன்றை உருட்டினால், திறனில் மூன்று புள்ளி முந்திய குதிரை தன் எதிரியை வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 62. சாதாரண ஆறுமுகப் பகடை இரண்டை உருட்டிக் கூட்டினால், அதே மூன்று புள்ளி முந்திய குதிரைக்கு அது நூற்றுக்கு 76 ஆகிவிடுகிறது. இரு பகடைகளின் கூட்டுத்தொகை 7-ஐச் சுற்றியே அதிகம் விழுவதுதான் இதற்குக் காரணம். வளர்ப்பும் பயிற்சியும் பலன் தர வேண்டும் என்று கருதும் குழு இரண்டு பகடையைக் கொள்ளட்டும். சிறிய லாயமும் அவ்வப்போது பெரியதைக் கவிழ்க்க வேண்டும் என்று விரும்பும் குழுவுக்கு இருபது முகப் பகடையே பொருத்தம்.

செட்டிநாட்டு வீட்டு முற்றங்களில் உருண்ட பித்தளைத் தாயக்கட்டையையே பயன்படுத்தலாம் என்ற யோசனை மனத்துக்கு இனிமையானது. பின்னணிக்கும் அது இசைவாக இருக்கும். எனினும் கணக்கு ஒத்துவரவில்லை. இரு கட்டைகளிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு முகங்கள் இருப்பதால் அவை பதினாறு வகையாக விழலாம். அவற்றுள் பதினைந்து ஒன்றிலிருந்து ஆறுக்குள் அடங்க, இரண்டும் வெறுமையாக விழும் ஒன்று மட்டும் பன்னிரண்டுக்குத் தாவுகிறது. எட்டுக் குதிரைகள் தலா மூன்று முறை உருட்டும் பந்தயத்தில், ஐந்தில் நான்கு தடவை ஏதோ ஒரு குதிரைக்குப் பன்னிரண்டு விழுந்துவிடும். அந்தக் குதிரையைப் பிடிக்க எந்தத் திறன் எண்ணாலும் இயலாது. ஆகவே தாயக்கட்டையைத் திருவிழாப் பந்தயம் ஒன்றுக்கு மட்டும் ஒதுக்கி, லீக்கின் புள்ளிப்பட்டியலிலிருந்து விலக்கி வைப்பதே நல்லது.

எந்தக் கருவியானாலும் புறப்பாடு, நடுவழி, கடைசி நேர்ப்பாதை என மூன்று கட்டமாக உருட்டுவது நலம். கட்டங்களுக்கு இடையில் ஜாக்கியின் எண்ணத்தையும் உரிமையாளரின் பதற்றத்தையும் எழுத இடம் கிடைக்கும். உருட்டல் அனைவரும் காண நடக்க வேண்டும். அமைப்பாளர் தனியே உருட்டி முடிவை மட்டும் அறிவிப்பதை ஏற்கவே கூடாது.

அடுத்தது, வலிய குதிரையையும் எளிய குதிரையையும் எப்படிச் சமன் செய்வது என்பது. ரேஸ் கோர்ஸில் ஹேண்டிகேப் என்னும் எடையேற்றும் முறை உண்டு. அதாவது, மதிப்பீட்டில் உயர்ந்த குதிரை அதிக எடை சுமக்கும். சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளில் எல்லை குறித்து வண்டிகளை ஓட்டும் எல்கைப் பந்தயங்களிலோ பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்றும், குதிரை வண்டியானால் பெரிய குதிரை, சின்ன குதிரை என்றும் பிரித்தே ஓட்டுகிறார்கள்; வண்டிகள் மிகுந்துவிட்டால் ஒரே பிரிவை இரண்டாக்கி ஓட்டுவதும் வழக்கம். ரேஸ் கோர்ஸ்களில் வகுப்புப் பிரிவும் எடையேற்றமும் சேர்ந்தே நடைமுறையில் உள்ளன; ஆனால் சிறிய லீக்கால் இரண்டையும் தாங்க இயலாது.

எடையை லீக்கில் கழிக்கும் புள்ளியாக மாற்றலாம்: ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு புள்ளி குறையும். இதனால் எட்டே குதிரைகள் இருந்தாலும் ஒரே களத்தில் விறுவிறுப்பாக ஓட்ட முடியும். ஆயினும் இதில் ஒரு தீங்கு உண்டு. எடை ஏறாமலிருக்க, தன் குதிரைக்கு ஒவ்வாத தொலைவில் வேண்டுமென்றே பெயரைப் பதிவு செய்து தோற்க உரிமையாளருக்கு ஆசை எழும். பிரிவு முறையில் அந்த ஆசைக்கு அவ்வளவு இடமில்லை. ஏனெனில் மேற்பிரிவின் பரிசு பெரிது. அதைவிட முக்கியமாக, சின்ன குதிரையாக ஓடியது வென்று வென்று பெரிய குதிரைப் பிரிவுக்கு ஏறுவது எழுதத் தகுந்த நிகழ்ச்சி. சேணத்தில் கூடிய எடையைப் பற்றி எழுத அவ்வளவு ஒன்றும் இருக்காது. பன்னிரண்டு குதிரைகளுக்கு மேல் சேரும்வரை எடை முறை, சேர்ந்தபின் பிரிவு முறை என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவதையே நான் பரிந்துரைக்கிறேன்.

பரிசுப் பணம் முழுக்கக் கற்பனையாகவே இருக்க வேண்டும். குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பு உண்மையான குதிரைகளைப் பற்றியது. பகடையில் மெய்ப்பணம் கட்டுவதற்கு அதைத் துணைக்கு அழைக்க இயலாது.

குதிரையின் வயதை நாள்காட்டிப்படி ஓட்டுவதைவிட லீக்கின் பருவத்தின்படி (சீசன்) ஓட்டுவது எளிது. வட அரைக்கோளத்தில் தூய இனப் பந்தயக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1 அன்றே வயது கூடுகிறது. அவ்வாறே லீக்கிலும் ஒவ்வொரு பருவத்தின் முதல் நாளில் எல்லாக் குதிரைகளுக்கும் ஒரு வயது கூட்டி, ஆறு வயதுக்குப் பின் ஆண்டுக்கு ஒரு திறன் புள்ளியைக் கழிக்கலாம். காயத்தைப் பகடை முடிவு செய்யலாம். குதிரையின் சாவுக்கு மட்டும் உரிமையாளரின் இசைவு தேவை.