கூகுள் ஸ்காலரா, பப்மெட்டா?

மருத்துவக் கட்டுரை தேடுகிற மாணவர்கள் பலரும் முதலில் திறப்பது கூகுள் ஸ்காலரைத்தான். 2004-இல் வந்தது, எல்லாத் துறையும் ஒரே பெட்டிக்குள். ஒரு கட்டுரையைப் பின்னால் யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று ஒரே சொடுக்கில் காட்டும். வலது ஓரத்தில் பிடிஎஃப் கிடைத்தாலும் கிடைக்கும். ஆனால் ஒரு தேடலுக்கு 1,000 முடிவுகளுக்கு மேல் காட்டாது. ஆய்விதழ்க் கட்டுரையோடு மாணவர் ஆய்வேடுகளும் கலந்தே வரும்.

பப்மெட், அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் இலவசத் தளம். இதன் பலமே 'மெஷ்' என்ற பொருள்தலைப்புப் பட்டியல்தான். 'ஹார்ட் அட்டாக்' என்று ஆங்கிலத்தில் தட்டினாலே, அதன் மருத்துவப் பெயரான 'மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்' என்ற தலைப்பில் அடுக்கப்பட்ட கட்டுரைகளையும் சேர்த்து எடுத்துத் தரும். இடது பக்க வடிகட்டியில் மருத்துவச் சோதனை, முறைசார் மறுஆய்வு (ஒரு கேள்வி பற்றிய ஆய்வுகளைத் திரட்டி அலசும் கட்டுரை) என்று வகை பிரிக்கலாம். தேடிய வரியைச் சேமித்து வைத்துப் பிறகும் ஓட்டலாம். முழுக் கட்டுரைதான் சிக்கல். பல சமயம் சுருக்கத்தோடு நின்றுவிடும்.

ஆய்வேட்டுக்கு என்றால் என் ஓட்டு பப்மெட்டுக்கே. நல்ல கட்டுரை ஒன்று சிக்கியதும், அப்புறம் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போக ஸ்காலர். வரலாறு, இலக்கியம் படிப்பவர்கள் பப்மெட் பக்கம் போகவே வேண்டியதில்லை.