லிவர் மாத்தினப்புறம் ரத்தக்குழாய்ல பிரச்சனைன்னா: பலூனா, ஸ்டென்ட்டா, திரும்பவும் ஆபரேஷனா?

டிரான்ஸ்பிளான்ட் நல்லபடியா முடிஞ்சுதுன்னு மூச்சு விடுறதுக்குள்ள, டாப்ளர் ஸ்கேன்ல (ரத்தம் ஓடறதைக் காட்டற ஸ்கேன்) லிவருக்குப் போற ரத்த ஓட்டம் சரியா தெரியலன்னு ஒரு டாக்டர் வந்து சொன்னா வீட்ல எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, வயித்தத் திறக்காம ஏதாவது பண்ண முடியுமான்னுதான். எங்க அண்ணனுக்கு அப்படி சொன்னப்போ எங்க வீட்லயும் அதேதான். கூடவே இருந்து பார்த்து, டாக்டர்ங்ககிட்ட கேட்டுக் கேட்டு, அப்புறம் நிறைய படிச்சதுல எனக்கு நிச்சயமா தெரிஞ்சது என்னன்னா, எது நல்ல வழின்னு பேசறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் தெரிஞ்சாகணும். பிரச்சனை எந்தக் குழாய்ல, ஆபரேஷன் ஆகி எவ்ளோ நாள் ஆச்சு. இது தெரியாம ஸ்டென்ட்டா (குழாயைத் திறந்து வைக்க உள்ள வைக்கற வலைக்குழாய்) பலூனான்னு (சுருங்கின குழாயை உள்ளேர்ந்து ஊதி விரிக்கறது) பேசறதுல அர்த்தமே இல்ல.

லிவருக்குள்ள வர்ற ரத்தத்துல கிட்டத்தட்ட முக்கால் பங்கு குடல் பக்கத்துலேர்ந்து வர்ற போர்ட்டல் வெயின்ங்கற சிரை வழியா வருது, ஹெப்பாடிக் ஆர்ட்டரிங்கற தமனி வழியா வர்றது கால் பங்குதான். அப்போ ஆர்ட்டரி அடைச்சா சமாளிச்சுக்கலாமேன்னு தோணும், ஆனா பித்தக்குழாய்க்கு ரத்தம் கொடுக்கறது அந்த ஆர்ட்டரிதான். பிறந்ததுலேர்ந்து இருக்கற லிவர்னா சுத்தி இருக்கற சின்னச் சின்னக் குழாய்ங்க கை கொடுக்கும், மாத்தி வச்ச லிவர்ல அதெல்லாம் ஆபரேஷன்லயே வெட்டுப்பட்டுடும். அதனால ஆர்ட்டரி நின்னுச்சுன்னா பித்தக்குழாய் செத்து, பித்தம் கசிஞ்சு, லிவர்ல சீழ் கட்டி, குளிர் காய்ச்சல்னு ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரும்.

முதல் சில வாரத்துல ஆர்ட்டரில கிளாட் (ரத்தக்கட்டி) வந்தா மூணு வழி. உடனே வயித்தத் திறந்து கிளாட்டை எடுத்து இணைப்பை திரும்பப் போடறது, கால் இல்லன்னா கை வழியா கத்தீட்டர்ங்கற மெல்லிய குழாய் விட்டு கிளாட்டை கரைக்கற மருந்து கொடுக்கறது, இல்லன்னா மறுபடி டிரான்ஸ்பிளான்ட். கத்தீட்டர்ல வெட்டு இல்ல, அதுதான் அதோட பெரிய கவர்ச்சி. ஆனா வயித்துக்குள்ள இப்போதான் தையல் போட்டிருக்காங்க, அதுல கிளாட் கரைக்கற மருந்து போச்சுன்னா ரத்தக்கசிவு எங்கிருந்து வேணா வரலாம், அதுவும் போக கிளாட் வந்ததுக்கு காரணமா ஒரு மடிப்போ சுருக்கமோ இருந்தா கிளாட் கரைஞ்சாலும் அந்த காரணம் அப்படியேதான் இருக்கும், அதுக்கு தனியா பலூனோ ஸ்டென்ட்டோ வேணும். திறந்து பார்த்தா சர்ஜன் கண்ணால இணைப்பைப் பார்த்து சரி பண்ணலாம். ரொம்ப சீக்கிரம் கண்டுபிடிச்சிருந்தா, பித்தக்குழாய் இன்னும் கெடலன்னா, திறக்கலாம்னு டீம் சொன்னா பயத்துல தள்ளிப் போடாதீங்கன்னுதான் நான் சொல்வேன். இங்க மணிக்கணக்குதான் முக்கியம். கை தேர்ந்த ரேடியாலஜி டீம் இருக்கற இடத்துல கத்தீட்டரையே முதல்ல முயற்சி பண்றாங்க, அதுவும் தப்பில்ல. அது அந்த ஆஸ்பத்திரியோட அனுபவத்தைப் பொறுத்தது, நேராவே கேக்கலாம், "இது இங்க அடிக்கடி பண்ணுவீங்களா சார்?"ன்னு. பித்தக்குழாய் ஏற்கனவே செத்துடுச்சுன்னா மூணாவது வழிதான்.

இந்த கிளாட் ஆரம்பத்துல ஒரு அறிகுறியும் காட்டாம வரலாம், அதனாலதான் பல ஆஸ்பத்திரில முதல் வாரம் தினமும் டாப்ளர் பாக்கறாங்க. அண்ணன் வலியோட மூச்சைப் பிடிச்சுக்கிட்டு படுத்திருப்பாரு, ஸ்கேன் பண்றவங்க விலா எலும்புக்கு நடுவுல புரோபை அழுத்தி அழுத்தி அந்த சின்ன சிவப்புப் புள்ளியைத் தேடுவாங்க, எதுக்கு தினமும் இந்த சித்திரவதைன்னு நமக்கே தோணும். அதுலதான் உயிர் இருக்கு. டாப்ளரா, சி.டி. ஆஞ்சியோவான்னு கேட்டா, டாப்ளர் படுக்கைலயே பாக்கலாம், டை (குழாய் தெளிவா தெரிய ரத்தத்துல ஏத்தற திரவம்) வேண்டாம், ஆனா பாக்கறவங்க கையைப் பொறுத்தது. சி.டி. தெளிவா காட்டும், ஆனா புது லிவரை உடம்பு ஒதுக்காம இருக்கக் கொடுக்கற டாக்ரோலிமஸ் ஏற்கனவே கிட்னியை சோதிக்குது, அதுமேல டை வேற. அதனால டாப்ளர்ல சந்தேகம் வந்தா சி.டி.ங்கறதுதான் வழக்கமான வரிசை. சந்தேகம் வந்தப்புறம் கிட்னிக்காக சி.டி.யை ரொம்ப தள்ளிப் போடறதும் நல்லதில்ல.

பல மாசம் கழிச்சு ஆர்ட்டரி அடைச்சா கதை வேற. மெதுவா அடைச்சிருந்தா புதுசா சின்னக் குழாய்ங்க உருவாகி லிவரை காப்பாத்தற கேஸும் உண்டு, அப்போ ஆர்ட்டரியை விட்டுட்டு பித்தக்குழாயை மட்டும் கவனிக்கறது நியாயமான வழி. ஆனா கவனிக்கறதுன்னா உண்மையாவே கவனிக்கணும், குளிரோட காய்ச்சல் வந்தா வீட்ல மாத்திரை போட்டுட்டு விடியட்டும்னு இருக்கக் கூடாது.

இப்போ முழுசா அடைக்காம சுருங்கி இருந்தா, பலூனா ஸ்டென்ட்டா. டாப்ளர் ரிப்போர்ட்ல ஆர்.ஐ.ன்னு, ரத்த ஓட்டத்துக்கு இருக்கற எதிர்ப்பைக் காட்டற நம்பர் ஒண்ணு இருக்கும், அது 0.5க்கு கீழ போனா ஆர்ட்டரி சுருக்கம் இருக்கலாம்னு சந்தேகப்படுவாங்க. பலூன் மட்டும்னா உள்ள எந்தப் பொருளும் தங்காது, தேவைப்பட்டா திரும்பப் பண்ணலாம், ஆனா திரும்ப சுருங்கற வாய்ப்பு இருக்கு. ஸ்டென்ட் குழாயைத் தாங்கிப் பிடிக்கும், ஆனா அதுக்குள்ளயும் சுருங்கலாம், ஆர்ட்டரி ரொம்ப வளைஞ்சு நெளிஞ்சு இருந்தா வைக்கறதே கஷ்டம். குழாய் கிழியற ரிஸ்க் ரெண்டுலயும் இருக்கு, புது இணைப்புல அது இன்னும் அதிகம்.

இங்க பலர் கேக்காம விடற கேள்வி ஒண்ணு இருக்கு. ஸ்டென்ட் வச்சா அதுல ரத்தம் உறையாம இருக்க வழக்கமா ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சேர்ந்து சில மாசம் போகும். அந்த நேரத்துல லிவர் பயாப்சி (ஊசியால சின்னத் துண்டு எடுத்துப் பாக்கற டெஸ்ட்) தேவைப்பட்டாலோ, ஈ.ஆர்.சி.பி.ன்னு வாய் வழியா டியூப் விட்டு பித்தக்குழாய் வாயை வெட்டி விட வேண்டி வந்தாலோ என்ன பண்றது? மாத்திரையை நிறுத்தினா ஸ்டென்ட் அடைக்கலாம், நிறுத்தலன்னா ரத்தம் போகலாம். பிளேட்லெட் கம்மியா இருக்கறவங்களுக்கு இந்த இக்கட்டு இன்னும் பெருசு. அதனால பித்தக்குழாய்ல ஏற்கனவே பிரச்சனை தெரியுதுன்னா, முதல்ல பலூன், அது நிக்கலன்னா ஸ்டென்ட்டுன்னு போறதுதான் எனக்கு சரியா படுது. பலூன் போட்ட உடனே குழாய் திரும்ப சுருங்குச்சுன்னாலோ உள் சுவர் கிழிஞ்சாலோ ஸ்டென்ட்தான், அதுல யோசிக்க ஒண்ணும் இல்ல.

போர்ட்டல் வெயின் பெரிய குழாய், ஸ்டென்ட் வச்சா பொதுவா நல்லாவே நிக்கும். வயித்துல தண்ணி, மண்ணீரல் வீக்கம், பிளேட்லெட் இறங்கறது, ரத்த வாந்தி, கறுப்பா மலம் போறது, இதெல்லாம் அந்தக் குழாய் அடைச்சதோட அடையாளம். ஆபரேஷன் ஆன உடனே கிளாட்டுன்னா திறந்து எடுக்கறாங்க, பிற்பாடு சுருக்கம்னா லிவர் வழியாவோ மண்ணீரல் வழியாவோ பலூன், ஸ்டென்ட். சின்னக் குழந்தைங்களுக்கு மட்டும் பலூனை முதல்ல பாக்கறாங்க, குழந்தை வளரும், ஸ்டென்ட் வளராது. லிவர்லேர்ந்து ரத்தம் வெளிய போற ஹெப்பாடிக் வெயின் அடைச்சாலும் தண்ணி கோக்கும், கால் வீங்கும், அதுக்கும் கழுத்து வழியா பலூன், திரும்பத் திரும்ப வந்தா ஸ்டென்ட். ஆர்ட்டரி சுவர் பலவீனமாகி பலூன் மாதிரி உப்பினா மட்டும் பொறுத்துப் பார்க்கற வழியே கிடையாது, வெடிச்சா உயிர் போகும், அங்க இன்ஃபெக்ஷன் இருந்தா ஸ்டென்ட் வைக்கறதும் சிக்கல்.

கிளாட் திரும்ப வராம இருக்க ரத்தம் உறையறதைக் குறைக்கற மாத்திரைல வார்ஃபரினா, அபிக்ஸபான் மாதிரி புது மாத்திரையா? வார்ஃபரின்ல ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்ளோ நேரம் ஆகுதுன்னு காட்டற டெஸ்ட்) அடிக்கடி பாக்கணும், ஆன்டிபயாட்டிக் மாத்தினா எகிறும், கீரை ஒரு வாரம் நிறைய அடுத்த வாரம் ஒண்ணுமே இல்லன்னு சாப்பிட்டாலும் ஆடும். தொல்லைதான், ஆனா மருந்து எவ்ளோ வேலை செய்யுதுன்னு ஒரு நம்பர் கைல இருக்கும். புது மாத்திரைல ஐ.என்.ஆர். தொல்லை இல்ல, ஆனா டாக்ரோலிமஸ் மாதிரியே லிவரை ஒதுக்காம இருக்கக் கொடுக்கற சைக்ளோஸ்போரின், சில பூஞ்சைக்கான மருந்துங்க கூட சேர்ந்தா ரத்தத்துல அளவு ஏறும், கிட்னி சரியா வேலை செய்யணும். ஆபரேஷன் ஆன புதுசுல மருந்துங்க வாரா வாரம் மாறிக்கிட்டே இருக்கும், அதனால அப்போ வார்ஃபரின், எல்லாம் ஒரு நிலைக்கு வந்தப்புறம் புது மாத்திரைய பத்தி பேசலாம், இது என் எண்ணம், முடிவு உங்க டாக்டரோடது. எதுவா இருந்தாலும் வலிக்குன்னு ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபெனாக் நீங்களா வாங்கிப் போடாதீங்க, கிட்னியும் போகும் ரத்தமும் கசியும். சிகரெட் பிடிக்கறவங்க இருந்தா கண்டிப்பா விடணும், ஆர்ட்டரி அடைப்புக்கும் அதுக்கும் தொடர்பு இருக்கு.

கடைசியா மறு டிரான்ஸ்பிளான்ட். பித்தக்குழாய் முழுக்க கெட்டு, மாசாமாசம் காய்ச்சல்னு அட்மிட் ஆகிக்கிட்டிருந்தா, பித்தத்தை வடிக்கற டியூபை மாத்தி மாத்தி ஓட்டறதை விட உடம்புல தெம்பு இருக்கும்போதே பட்டியல்ல பேரைப் பதியறது நல்லது. ரொம்ப மெலிஞ்சப்புறம் ரெண்டாவது ஆபரேஷனைத் தாங்கறது கஷ்டம். வீட்ல ஒருத்தர் லிவர் கொடுத்திருந்தா இந்தப் பேச்சு வரும்போது அவங்க நொறுங்கிப் போவாங்க, நான் கொடுத்தது நல்லா இல்லையோன்னு. ஒரு பகுதி லிவரோட வர்ற ஆர்ட்டரி 2, 3 மில்லிமீட்டர்தான் இருக்கும், அதை மைக்ராஸ்கோப் வச்சு தைக்கறாங்க, அதுல கிளாட் வந்ததுக்கு கொடுத்தவங்க காரணம் இல்ல. டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவங்களையும் கூட்டிட்டுப் போங்க, இதை டாக்டர் வாயாலயே அவங்க கேக்கட்டும்.