ஃபோர்ட்ரானா, சி++ஆ: கணக்குப் போடுபவர் எதில் தொடங்கலாம்?

பைத்தானில் எழுதிய நிரல் ராத்திரி முழுக்க ஓடியும் முடியாதபோதுதான் பலரும் கம்பைல் செய்யும் (நிரலை முதலிலேயே இயந்திர மொழிக்கு மாற்றிவிடும்) மொழிப் பக்கம் திரும்புகிறார்கள். அறிவியல் கணிப்பில் அப்போது முதலில் காதில் விழும் பெயர்கள் ஃபோர்ட்ரானும் சி++உம்தான். இரண்டிலும் வேலை செய்கிறேன். உங்கள் வேலை பெரும்பாலும் அணிகளும் (எண்களின் அட்டவணைகள்) சமன்பாடுகளும் என்றால், ஃபோர்ட்ரானில் தொடங்கச் சொல்வேன்.

1957இல் ஐபிஎம் வெளியிட்ட மொழியா என்று தயங்க வேண்டாம். துளை அட்டைக் காலத்து ஃபோர்ட்ரான் வேறு, ஃபோர்ட்ரான் 90க்குப் பிறகு வந்தது வேறு. பழைய ஃபோர்ட்ரான் 77 பாடநூலைக் கையில் எடுக்காமல் இருந்தால் போதும்.

ஓர் உலோகத் தகட்டின் விளிம்புகளை நிலையான சூட்டில் வைத்தால், உள்ளே வெப்பநிலை எப்படி அமையும்? ஒவ்வொரு புள்ளிக்கும் மேல், கீழ், இடம், வலம் உள்ள நான்கின் சராசரியைப் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஃபோர்ட்ரானில் அணியின் நான்கு துண்டுகளைக் கூட்டி நாலால் வகுத்தால் ஒரு சுற்று முடிந்தது. ஒரே வரி. வலப்பக்கம் முழுவதையும் கணக்கிட்ட பிறகே இடப்பக்கத்தில் எழுதுவது மொழியின் விதி என்பதால், பழைய மதிப்புகளுக்கு நகல்கூட எடுக்க வேண்டாம்.

இதையே சி++இல் செய்ய வரும் புதியவர் வெக்டருக்குள் (சி++இன் நீளும் பட்டியல்) வெக்டர் வைப்பார். ஓடும், ஆனால் ஒவ்வொரு வரிசையும் நினைவகத்தில் ஒவ்வொரு மூலையில் கிடக்கும். அப்புறம் எல்லாவற்றையும் ஒரே நீள வெக்டராக மாற்றுவார், அதன் பிறகு அணிக் கணக்குக்கான ஐகன் என்ற நிரல் நூலகத்துக்குப் போவார். ஐகன் அருமையானதுதான். ஆனால் சின்னத் தவறு செய்தாலும் டெம்ப்ளேட் (சி++இன் பொது வார்ப்பு நிரல்) பிழைச்செய்தி பக்கம் பக்கமாகக் கொட்டும். வெப்பத்தைப் படிக்க வந்தவர் மொழியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

ஃபோர்ட்ரானிலும் கண்ணிகள் உண்டு. இரட்டைத் துல்லிய மாறியில் (சுமார் 16 இலக்கம் வரை சரியாக வைப்பது; ஒற்றைத் துல்லியத்தில் சுமார் 7) வெறுமனே 0.1 என்று போட்டால், உள்ளே உட்காருவது 0.10000000149. அந்த எண்ணை ஒற்றைத் துல்லியத்தில் படித்துவிட்டுத்தான் மாறியில் வைக்கும். பின்னால் டி0 சேர்த்து 0.1d0 என்று எழுத வேண்டும் என்று புரிய எனக்கு ஒரு முழு நாள் போனது. இன்னொன்று, அறிவிக்காத மாறியின் பெயர் ஐ (I) முதல் என் (N) வரையான ஆங்கில எழுத்தில் தொடங்கினால் அதை முழு எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு நிரலிலும் 'இம்ப்ளிசிட் நன்' (implicit none) எழுதிவிடுங்கள், அறிவிக்காத மாறியைப் பிழை என்று சொல்லிவிடும்.

சரி, சி++ எங்கே முந்துகிறது? சிக்கலான தரவு அமைப்புகள், உரைக் கோப்புகளை அலசுவது, ஜிபியு எனும் வரைகலைச் செயலியில் கணக்கிட உதவும் கூடா (CUDA). துகள் இயற்பியலுக்குப் போகிறவர்களுக்கு விவாதமே இல்லை. செர்ன் ஆய்வகத்தின் தரவு அலசும் ரூட்டும் (ROOT), துகள்கள் பொருளினூடே செல்வதைப் போலச்செய்யும் ஜியான்ட்4உம் (Geant4) சி++தான். திரவ, வாயு ஓட்டத்தைக் கணிக்கும் ஓப்பன்ஃபோமும் (OpenFOAM) அப்படியே. வானிலைக்கான டபிள்யுஆர்எஃப் (WRF), பொருள்களின் மின்னணு அமைப்பைக் கணிக்கும் குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ, அணிக் கணக்கு நூலகமான லாபேக் (LAPACK) என்றால் ஃபோர்ட்ரான். உங்கள் ஆய்வுக்குழுவின் நிரல் எதில் இருக்கிறதோ, அது என் பரிந்துரையைவிடப் பெரிது.

ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும்போது லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) வரிசையை மட்டும் மறக்காதீர்கள். ஃபோர்ட்ரான் அணியை நெடுவரிசையாக அடுக்கும், சி++ அணி கிடைவரிசையாக. ஃபோர்ட்ரானில் முதல் சுட்டெண் உள் லூப்பில் ஓட வேண்டும். 5000க்கு 5000 அணியில் மாற்றிப் போட்டுப் பாருங்கள், வேக வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ஃபோர்ட்ரானைக் கம்பைல் செய்யும் ஜிஃபோர்ட்ரான் (gfortran) இலவசம். தகட்டுக் கணக்கை 10க்கு 10 கட்டத்தில், ஒரு விளிம்பை 100 டிகிரியிலும் மற்றவற்றைப் பூஜ்ஜியத்திலும் வைத்துத் தொடங்குங்கள். கம்பைல் செய்யும்போது எல்லைச் சோதனையை இயக்கிவிட்டால், அணிக்கு வெளியே கை நீட்டிய வரியை அதுவே காட்டிக்கொடுக்கும்.