வெளிமாநில வழக்கா? வக்காலத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்

வெளிமாநிலத்தில் வராமல் நின்றுபோன சரக்குப் பணத்துக்காக நானும் அண்ணனும் போட்ட வழக்கு, 'வாதி ஆஜராகவில்லை' என்று தள்ளுபடியாகிவிட்டது. இதை எங்கள் வக்கீல் சொல்லவில்லை. ஏதோ சந்தேகத்தில் இ-கோர்ட்ஸ் செயலியில் தேடியபோதுதான் தெரிந்தது. அதற்குள் பல மாதம் ஓடிவிட்டது. அதுவரை கேட்டபோதெல்லாம் 'வாய்தா போட்டிருக்கிறார்கள்' என்றே பதில் வந்தது.

வழக்கை எடுத்தது ஒரு பெரிய வக்கீல் ஆபீஸ். "எல்லா மாவட்டத்திலும் எங்க ஆள் இருக்காங்க சார்" என்றார்கள். உள்ளூர் வக்கீலை வைத்து நடத்தும் இந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். 2011 ஜூன் 15 முதல் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30-வது பிரிவு அமலில் இருப்பதால் எந்த மாநில வக்கீலும் நாடு முழுக்க ஆஜராகலாம். ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவ்வளவு தூரம் யார் போவது? அங்குள்ள மொழி, நீதிமன்ற நடைமுறை எல்லாம் உள்ளூர் வக்கீலுக்குத்தான் அத்துபடி. அலகாபாத் உயர் நீதிமன்றம் ஒரு படி மேலே போய், தன் பட்டியலில் இல்லாத வக்கீல் பட்டியலில் உள்ள ஒருவரோடு சேர்ந்துதான் ஆஜராக வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறது. 2016-ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது.

எங்கள் விஷயத்தில் கோளாறு பணத்தில். கட்டணம் முழுவதையும் ஆபீஸ் வாங்கிக்கொண்டது. உள்ளூர் வக்கீலுக்கு முதல் தவணைக்குப் பிறகு எதுவும் போகவில்லையாம். அவர் கோர்ட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்கள் நம்பரே தன்னிடம் இல்லை என்கிறார். ஆபீஸைக் கேட்டால், "வக்காலத்து அவர் பெயரில்தானே இருக்கு, நாங்க எப்படிப் பொறுப்பு?" என்கிறார்கள். ரசீது ஒருவர் பெயரில், வக்காலத்து, அதாவது வழக்கை நடத்த நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம், இன்னொருவர் பெயரில். இவ்வளவுதான் அவர்களின் தந்திரம்.

அப்புறம் வேறு வக்கீலைப் பிடித்தோம். பழைய வக்கீலின் சம்மதம் வேண்டும், என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) வாங்கி வாருங்கள் என்றார். அந்த உள்ளூர் வக்கீலோ பாக்கியைக் கொடுத்தால்தான் என்.ஓ.சி.யும் கேஸ் கட்டும் தருவேன் என்று உட்கார்ந்துவிட்டார். கட்டணப் பாக்கிக்காக வக்கீல் கேஸ் கட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. அதை எழுத்தில் குறிப்பிட்டுக் கடிதம் போட்டபின் கட்டு வந்தது. இப்படித் தள்ளுபடியான வழக்கைத் திரும்பக் கோப்பில் எடுக்க மனு போட 30 நாள்தான். எங்களுக்கு அது என்றோ தாண்டிவிட்டது. அதனால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு. அதற்கும் செலவு எங்களுடையதுதான்.

நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக முடியாது. வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது. மிச்சம் இருப்பது, அந்த வக்கீல் பதிவு செய்துள்ள மாநில பார் கவுன்சிலில் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-வது பிரிவின்படி புகார். ஆபீஸ் வக்கீல், உள்ளூர் வக்கீல் இரண்டு பேர் மீதும் கொடுத்திருக்கிறோம்.

இதுபோல வெளியூர் வழக்கைக் கொடுக்கப் போகிறவர்கள், வக்காலத்தில் கட்டணம் வாங்குபவர் பெயரும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உள்ளூர் வக்கீலுக்கு எவ்வளவு, யார் கொடுப்பது என்பதை எழுத்தில் வாங்குங்கள். முடிந்தால் அவர் பங்கை நேரே அவருக்கே அனுப்புங்கள். வழக்கு பதிவானதும் எழுத்தும் எண்ணுமாக 16 இடம் கொண்ட சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண்) கேட்டு வாங்கி, இ-கோர்ட்ஸ் செயலியில் வாய்தா தேதியை நீங்களே பாருங்கள். 'அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்' என்று சொல்லும் ஆபீஸில் வழக்கைக் கொடுக்காதீர்கள்.