சொருகினால் என்ன சொல்கிறது? லினக்ஸ் கணினியும் மூன்று வகைப் பாட்டுக் கருவிகளும்

யாழ்ப்பாணத்து வீடொன்றின் மேசை லாச்சியைத் திறந்தால் பாட்டுக் கேட்கும் கருவிகள் மூன்று தலைமுறைக்குக் கிடக்கும். கஸ்தூரியார் வீதியில் வாங்கிய, பெயர் தெரியாத எம்பி3 கருவி ஒன்று. கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ விடுமுறைக்கு வந்தவர்கள் விட்டுப்போன ஐபொட் ஒன்று. திரை கீறிப்போன, ஆனால் இன்னும் வேலை செய்யும் அன்ட்ரொய்ட் கைத்தொலைபேசி ஒன்று. மூன்றிலும் பாட்டு ஒலிக்கும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம் ஓடும் கணினியில் சொருகும்போதுதான் குணம் தெரிகிறது. ஒன்று தன்னை வெறும் வட்டு என்று சொல்லிக்கொள்கிறது. இன்னொன்று வட்டாகத் தோன்றிவிட்டு உள்ளே பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது. மூன்றாவது, கணினியைத் தன் சேமிப்பகத்தை நேரடியாகத் தொடவே விடுவதில்லை.

விற்பவர்கள் ஒலித்தரத்தைப் பற்றிப் பேசுவார்கள்; லினக்ஸ் பாவிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். இதில் நமக்கு மட்டும் ஒரு கூடுதல் சங்கடமும் உண்டு. கணினியோடு நன்றாகப் பழகும் கருவிக்குத் தமிழ் வாசிக்க வராது; தமிழை அழகாகக் காட்டும் கருவிக்குக் கணினியோடு பழக வராது.

வட்டாகத் தெரியும் கருவியில் இருந்து தொடங்கலாம். லினக்ஸ் வகைகளான உபுண்டு, டெபியன், மின்ட் எதுவானாலும் சொருகியவுடன் ஒரு கோப்புறை திறக்கும்; இழுத்துப் போட்டால் முடிந்தது. தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். சான்டிஸ்க் நிறுவனத்தின் பழைய கிளிப் பிளஸ், ஃபியூஸ் போன்றவற்றில் மட்டும் அமைப்புகளுக்குள் போய் யூஎஸ்பி முறையை எம்எஸ்சி, அதாவது வட்டாகத் தெரியும் முறை, என்று மாற்றிவிடுங்கள். தானியங்கித் தெரிவில் விட்டால், வட்டாக வர வேண்டியது சிலவேளை எம்டிபி கருவியாக வந்து நிற்கும்; தொலைபேசிகள் பாவிக்கும் அந்த முறையைப் பின்னால் பார்ப்போம்.

இந்த வகையின் சிக்கல்கள் எல்லாம் ஃபேட் 32 என்ற பழைய கோப்பு முறையில் இருந்து வருபவை. ‘ராகம்: தோடி’ என்று கோப்புக்குப் பெயர் வைக்க லினக்ஸ் விடும், ஃபேட் முக்காற்புள்ளியை ஏற்காது, கேள்விக்குறியையும் ஏற்காது. நகலெடுப்பு அந்த இடத்தில் பிழை காட்டும். ஆர்சிங்க் கட்டளையால் புதிய பாட்டுகளை மட்டும் அனுப்பப் பார்த்தால் வேறொரு வேடிக்கை. ஃபேட் நேரத்தை 2 விநாடிக் கணக்கில்தான் பதிகிறது. ஆகவே எதுவும் மாறாத கோப்புகளையும் மாறியவை என்று எண்ணி ஆர்சிங்க் மறுபடி அனுப்பும். 1 விநாடி வேறுபாட்டைப் பொருட்படுத்தாதே என்று சொல்லும் தெரிவு அதிலேயே இருக்கிறது. அதைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

மலிவுக் கருவிகளில் என் பொறுமையை அதிகம் சோதிப்பது பாட்டுகளின் வரிசை. ஒன்று, இரண்டு என்று எண் போட்டுப் பெயர் வைத்தாலும் பல கருவிகள் பெயரைப் பார்ப்பதில்லை. எந்த ஒழுங்கில் கோப்புகள் எழுதப்பட்டனவோ அந்த ஒழுங்கில்தான் பாடும். சினிமாப் பாட்டுக்கு இது பெரிய குறையில்லை. நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைத் துண்டு துண்டாக வைத்திருப்பவருக்கு ஆலாபனைக்கு முன்னால் தனித்தவில் வந்து விழுந்தால் எப்படி இருக்கும்? லினக்ஸில் ஃபேட்சார்ட் என்ற சிறு நிரல் இதற்கென்றே இருக்கிறது. கருவியைச் சொருகியபடியே கோப்புமுறையை மட்டும் இணைப்பில் இருந்து விடுவித்துவிட்டு அதை ஓட்டினால், கோப்பு அட்டவணையைப் பெயர் வரிசையில் திருப்பி எழுதிவிடும்.

நகலெடுப்பு முடிந்ததாகத் திரை காட்டிய பிறகும் லினக்ஸ் பின்னால் எழுதிக்கொண்டிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ‘பாதுகாப்பாக அகற்று’ என்பதை அழுத்தாமல் வயரைப் பிடுங்கினால் கடைசிப் பாட்டுகள் பாதியில் நிற்கும். யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் இடையில் மின்சாரம் போனாலும் அதே கதைதான்.

ஐபொட் வேறு சாதி. முதல் ஐபொட் 2001 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்டது. 2022 மே மாதத்தில் அப்பிள் அந்த வரிசையையே நிறுத்திவிட்டது. ஐபொட் கிளாசிக் என்ற வகையைச் சொருகினால் அதுவும் வட்டாகத்தான் தெரியும். ஆனால் பாட்டைக் கோப்புறைக்குள் போட்டால் அது பாடாது, ஏனெனில் ஐபொட் கோப்புறைகளைத் தேடுவதில்லை. தன் தரவுத்தளத்தில் பதிந்த பாட்டு மட்டுமே அதற்குப் பாட்டு. ஏற்கெனவே உள்ள பாட்டுகளும் அர்த்தமில்லாத நான்கெழுத்துப் பெயர்களோடு பல கோப்புறைகளில் சிதறிக் கிடக்கும்.

அந்தத் தரவுத்தளத்தை எழுத லினக்ஸில் லிப்ஜிபொட் என்ற நிரலகம் உண்டு. ரிதம்பொக்ஸ், ஜிடிகேபொட் என்ற பாட்டு மென்பொருள்கள் இரண்டும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. 2007க்கு முந்தைய ஐபொட்களில் இது சிரமமில்லாமல் நடக்கும். அந்த ஆண்டு வந்த கிளாசிக்கிலும் மூன்றாம் தலைமுறை நானோவிலும் அப்பிள் தரவுத்தளத்துக்கு ஒரு சரிபார்ப்புக் குறியீட்டைச் சேர்த்தது. குறியீடு பொருந்தாவிட்டால், பாட்டு எல்லாம் உள்ளே இருந்தும் கருவி காலி என்று காட்டும். கட்டற்ற மென்பொருள்காரர்கள் அதையும் கண்டுபிடித்து உடைத்தார்கள். இருந்தும் ஐபோன் போன்ற ஐபொட் டச்சை லினக்ஸோடு பொருத்த முயன்று பொழுதைக் கழிக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஓக் வோர்பிஸ், பிளாக் (FLAC) என்ற ஒலிவடிவக் கோப்புகளும் கிளாசிக், நானோ போன்றவற்றில் அப்பிளின் சொந்த மென்பொருளில் பாடாது; முன்கூட்டியே எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்றி நிரல் மூலம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

கைத்தொலைபேசிக்கு வருவோம். தொடக்ககால அன்ட்ரொய்ட்கள் யூஎஸ்பியில் வட்டாகத் தெரிந்தன. பிறகு எம்டிபிக்கு மாறிவிட்டன. இது மைக்ரோசொப்ட் உருவாக்கிய நெறிமுறை. எம்டிபியின் வழக்கம் சங்கக்கடையின் வழக்கம்: உள்ளே போய் எடுக்க முடியாது, வெளியே நின்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டும். இதற்கு நியாயமான காரணமும் உண்டு. வட்டு முறையில் கருவி தன் சேமிப்பகத்தைக் கணினியிடம் முழுதாகக் கொடுத்துவிடுவதால், அந்த நேரத்தில் தானே அதைப் பயன்படுத்த முடியாது. தொலைபேசி அப்படி விட்டுக்கொடுத்தால் அதன் செயலிகள் தவிக்கும்.

லினக்ஸில் நோட்டிலஸ், டொல்பின் என்ற கோப்பு மேலாளர்கள் இரண்டும் எம்டிபியைத் திறக்கும். ஆனால் முதலில் தொலைபேசியின் பூட்டைத் திறந்து, அறிவிப்பில் ‘கோப்புப் பரிமாற்றம்’ என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். இல்லையேல் வெறும் சார்ஜ்தான். கோப்பு மேலாளர் இணைப்பைப் பிடித்திருக்கும்போது ரிதம்பொக்ஸும் கேட்டால் ஏதாவது ஒன்று கோபித்துக்கொள்ளும். பல நூறு கோப்புகளை ஒரேயடியாக அனுப்பினால் நடுவில் நின்றுவிடுவதும் உண்டு. கோப்பின் பழைய நேரம் பொதுவாக மறுபக்கம் போய்ச் சேராது; ஆகவே ஆர்சிங்க் பாவிப்பவர் கோப்பின் அளவை மட்டும் ஒப்பிடச் சொல்ல வேண்டும்.

இத்தனை தொல்லைக்கும் வயரே வேண்டாம் என்பது என் பதில். கோப்புகளை அனுப்பும் கேடிஈ கனெக்ட்டையோ சிங்திங்கையோ இரு பக்கமும் நிறுவினால் (சிங்திங்கின் அதிகாரபூர்வ அன்ட்ரொய்ட் செயலி 2024இல் நின்றுவிட்டது, தொலைபேசியில் சிங்திங்-ஃபோர்க்கைப் போடுங்கள்) வீட்டு வைஃபையிலேயே பாட்டுகள் போய்விடும். இணையத் தரவும் செலவாகாது. மெமரி கார்ட் போடும் தொலைபேசி என்றால் கார்டைக் கழற்றிக் கணினியில் நேரடியாகப் போடுவது அதைவிட வேகம். 64 ஜிபியும் அதற்கு மேலுமான கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் வரும், 5.4 பதிப்பில் இருந்து லினக்ஸின் மைய நிரலான கருநிரலே அதை ஏற்கிறது.

தமிழ் என்று வந்தால் தொலைபேசியை அடிக்க ஆளில்லை. மலிவுக் கருவியில் தமிழ்ப் பெயர்கள் கட்டங்களாகவோ கேள்விக்குறிகளாகவோ தெரியும். ஆங்கில எழுத்தில் பெயர் வைப்பதைத் தவிர வழியில்லை. யாழ்ப்பாணத்துப் பழைய பாட்டுத் தொகுப்புகளில் இன்னொரு நோயும் உண்டு: பாட்டின் விவரங்களைப் ஒருங்குறிக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருப்பார்கள். புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி விழுந்த ஆங்கிலக் குப்பையாக அது எந்தக் கருவியிலும் தெரியும், தொலைபேசியிலும்தான். ஒருங்குறிக்கு மாற்றி, பாட்டின் விவரங்களைத் திருத்தும் கிட்3 அல்லது ஈசிடாக் மூலம் திருப்பி எழுதத்தான் வேண்டும். எழுதும்போது, விவரங்களைப் பதியும் முறையான ஐடி3இன் பதிப்பு 2.3 ஐத் தெரிவு செய்யுங்கள், 2.4 ஐப் பழைய கருவிகள் பலவற்றுக்கு வாசிக்கத் தெரியாது.

நடுவழி ஒன்று இருக்கிறது: ரொக்பொக்ஸ். கருவியோடு வந்த மென்பொருளுக்குப் பதிலாகப் போடக்கூடிய கட்டற்ற மென்பொருள் இது. கிளிப் பிளஸிலும் ஐபொட் கிளாசிக்கிலும் ஓடும்; புதிய கிளிப் ஸ்போர்ட்டில் ஓடாது. நிறுவும் நிரல் லினக்ஸிலேயே கிடைக்கிறது. போட்ட பிறகு ஐபொட்டின் தரவுத்தளப் பூட்டு பொருளற்றுப் போகிறது: கோப்புறையில் இட்டதெல்லாம் பாடும், பிளாக், ஓபஸ் உட்பட. தமிழ் எழுத்துள்ள எழுத்துருவைக் கொடுத்தால் தமிழும் தெரியும். ஆனால் கொம்பை முன்னால் நகர்த்த அதற்குத் தெரியாது. ‘நெடுந்தீவு’ என்பதில் நகரம் முதலில் நிற்கும், கொம்பு பின்னால் வரும். வாசித்துப் பழகிக்கொள்ளலாம், எனக்கு அழகாகப் படவில்லை.

ரொக்பொக்ஸை நான் விரும்புவதற்குக் காரணம் நீண்ட பதிவுகள். கோயில் திருவிழாவில் விடியவிடிய நடக்கும் தவில்-நாதஸ்வரக் கச்சேரி, நாட்டுக்கூத்து, வில்லுப்பாட்டு எல்லாம் ஒரே கோப்பாக மணிக்கணக்கில் இருக்கும். பாதியில் நிறுத்தினால் மலிவுக் கருவி தொடக்கத்துக்கே போய்விடும். ரொக்பொக்ஸ் விட்ட இடத்தைக் குறித்து வைக்கும். கசெட்டில் இருந்து ஓடாசிட்டி என்ற பதிவு மென்பொருளில் எடுத்ததைச் சுருக்காத வேவ் கோப்பாகவே வைத்திருப்பவருக்கு ஒரு எச்சரிக்கை: ஃபேட் 32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. சிடி தரத்தில் அது ஏறத்தாழ ஆறே முக்கால் மணி நேரம். முழு இரவுக் கச்சேரியைப் பிளாக்காக மாற்றினால் தரம் குறையாமல் அடங்கிவிடும்.

தமிழ்ப் பெயர்களைத் திரையில் பார்த்துத் தெரிவு செய்பவர் தொலைபேசியோடு இருக்கட்டும், வைஃபையில் அனுப்பிக்கொண்டு. கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போகிறவருக்கும், 2022இல் மின்சாரம் நாள்தோறும் மணிக்கணக்காக நின்றபோது தொலைபேசியின் சார்ஜைப் பேசுவதற்கென்று பொத்திவைத்தவருக்கும் தனிக் கருவிதான் பொருத்தம்; அதிலும் ரொக்பொக்ஸ் போட்ட கிளிப் பிளஸை முதலில் சொல்வேன். மலிவுக் கருவி சினிமாப் பாட்டுக்குப் போதும்.

ஐபொட் கிளாசிக்கைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. யாராவது வெளிநாட்டில் இருந்து கொண்டுவருவதாகச் சொன்னால் மறுக்கவும் தேவையில்லை. ஆனால் அதை அப்பிளின் மக் கணினியில் பாவித்தார்களா விண்டோஸிலா என்று முன்பே கேட்டுவிடுங்கள். மக்கில் வடிவமைத்த ஐபொட்டை லினக்ஸ் பெரும்பாலும் வாசிக்க மட்டுமே விடும், ரொக்பொக்ஸும் ஃபேட் 32ஐயே கேட்கும். உள்ளே இருக்கும் பழைய பாட்டுகளை முதலில் கணினிக்கு எடுத்துக்கொண்டு, பிறகு விண்டோஸ் கணினி ஒன்றை இரவல் வாங்கி ஐடியூன்ஸில் மீளமைப்பதுதான் குறுக்குவழி. எடுத்த கோப்புகளின் பெயர் நான்கெழுத்தாக இருந்தாலும் பாட்டின் விவரங்கள் உள்ளேயே இருக்கும். கிட்3 அவற்றைக் கொண்டே பெயரை மாற்றித் தரும்.