1098 குழந்தைகள் உதவி எண்: ஓர் அழைப்பும் அதன் பிறகும்

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, நெடுஞ்சாலையோரச் சாப்பாட்டுக்கடை ஒன்றில், பன்னிரண்டு வயதுக்கு மேல் மதிக்க முடியாத ஒரு சிறுவன் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் 1098 என்ற எண்ணை முதன்முறையாக அழைத்தேன். உண்மையில் முதலில் போனது அருகிலிருந்த காவல் நிலையத்துக்கு. “அது லேபர் டிபார்ட்மென்ட் வேலை சார்” என்று அங்கே சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்வது அன்று எனக்கே தெரியாது. தெரிந்திருந்தால் அந்த அலுவலர் யார் என்று கேட்டிருப்பேன்.

அழைப்பை எடுத்த பெண் என் பெயரை வற்புறுத்திக் கேட்கவில்லை. கடை எந்த ஊர் எல்லையில் இருக்கிறது, பக்கத்தில் எந்தப் பேருந்து நிறுத்தம், சிறுவன் அங்கேயே தங்குகிறானா, உடம்பில் காயம் ஏதும் தெரிந்ததா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைக்காரரிடம் எதுவும் பேச வேண்டாம், பேசினால் பையனை வேறிடத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்றும் எச்சரித்தார். மறுநாள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவர் அழைத்து, சிறுவன் வழக்கமாக எந்த நேரத்தில் கடையில் இருப்பான் என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரம் வந்த அழைப்பில், சிறுவன் மீட்கப்பட்டுக் குழந்தைகள் நலக் குழுவின் (பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் மாவட்டக் குழு) முன் நிறுத்தப்பட்டான் என்றும் அதற்கு மேல் சொல்ல இயலாது என்றும் தெரிவித்தார்கள். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது என்பதால், இதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த எண்ணின் வரலாறு சற்று வித்தியாசமானது. 1996-இல் மும்பையில், டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஒரு பரிசோதனைத் திட்டமாக, ஜெரூ பில்லிமோரியாவின் முயற்சியால், தெருவில் வாழும் சிறுவர்களையும் கலந்தாலோசித்துத் தொடங்கியது. 1098 என்பதை இந்தியில் ‘தஸ் நௌ ஆட்’, அதாவது பத்து, ஒன்பது, எட்டு என்று ஒவ்வொன்றாக இறங்கும் எண்களாகச் சொன்னால், எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளையும் மறக்காது. பல ஆண்டுகள் தொண்டு நிறுவனங்களின் வலையமைப்பே மத்திய அரசின் நிதியுதவியுடன் இதை நடத்தியது. ‘மிஷன் வாத்சல்யா’ என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் 2023-இல் பொறுப்பு மாநில அரசுகளின் கட்டுப்பாட்டு அறைகளுக்கும் மாவட்ட அலகுகளுக்கும் மாறியது. 112 அவசர உதவி எண்ணுடனும் இது இணைக்கப்பட்டது. குழந்தையைக் காப்பது அரசின் கடமை என்றால் அதை அரசின் சொந்த ஊழியரே செய்வதுதான் முறை என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம் தீரவில்லை.

‘மௌன அழைப்பு’ என்று இத்துறையில் ஒரு சொல் உண்டு. எண்ணைச் சுழற்றிவிட்டு எதுவும் பேசாமல் மறுமுனையில் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் ஏராளம். பழைய அமைப்பு இந்த அழைப்புகளைத் தனி வகையாகவே பதிவு செய்து வந்தது. பேசாவிட்டாலும் இணைப்பைத் துண்டிக்காமல் காத்திருந்தால், மூன்றாவது நான்காவது முறையில் அந்தப் பிள்ளை வாய் திறக்கக்கூடும். விபத்தையும் தீயையும் நிமிடக் கணக்கில் கையாளப் பழகிய அவசர உதவி அமைப்புடன் இணைந்த ஓர் எண்ணில் இந்தப் பொறுமை நிலைக்குமா? எத்தனை அழைப்புகள் முடித்துவைக்கப்பட்டன என்று எண்ணும் அட்டவணையில், பேசாத பிள்ளைக்காகக் காத்திருந்த இருபது நிமிடத்துக்குக் கட்டம் எங்கே இருக்கிறது?

கண்காணிப்பு காகிதத்தில் தாராளமாகவே இருக்கிறது. மீட்கப்பட்ட குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். குழந்தையின் குடும்பச் சூழலை விசாரித்து எழுதும் சமூகப் புலனாய்வு அறிக்கை 15 நாட்களில் வர வேண்டும். விசாரணை நான்கு மாதங்களில் முடிய வேண்டும். நலக் குழுவின் செயல்பாட்டை மாவட்ட ஆட்சியர் காலாண்டுக்கு ஒருமுறை ஆய்வு செய்கிறார். இவற்றுக்கு மேலே 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய, மாநிலக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையங்கள். அதற்கும் மேலே, 1992 டிசம்பரில் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஜெனீவாவுக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை. மூன்றாம், நான்காம் அறிக்கைகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு 2014-இல்தான் பரிசீலிக்கப்பட்டன என்றால் அந்த ‘ஐந்தாண்டு’ எப்படிப்பட்டது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த அடுக்குகள் எல்லாம் மீட்பு வரை கூர்மையாகவும் அதற்குப் பிறகு மங்கலாகவும் பார்க்கின்றன என்பதே என் கணிப்பு. வீட்டுக்கு அனுப்பப்பட்ட சிறுவன் ஆறு மாதம் கழித்துப் பள்ளியில் இருக்கிறானா, வேறொரு கடையில் இருக்கிறானா என்பதைப் பெயர் இல்லாமலேயே மாவட்டவாரியாக எண்ணிக்கையாக வெளியிடலாம். அதில் யாருடைய அடையாளமும் வெளிப்படாது; என்னைப் போன்ற அழைப்பாளருக்கும் அது போதும்.

அழைப்பை எடுக்கும் விதத்துக்கு ஐந்துக்கு நாலரை, பின்தொடர்தலை வெளியே காட்டும் விதத்துக்கு இரண்டு மதிப்பெண் தருகிறேன். இனி அழைப்பவர்கள் இடத்தின் அடையாளத்தையும் பார்த்த நேரத்தையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். நடவடிக்கை இல்லை என்று தோன்றினால் ஆணையத்துக்குத் தமிழிலேயே கட்டணமின்றி எழுதலாம். ஆனால் 1098-இல் பெயர் சொல்லாமல் பேச முடிவதுபோல அங்கே முடியாது. பெயரும் முகவரியும் இல்லாத மனுவை அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை.